முதல் கால் மணி நேரத்தில் உத்தரவு போடுவது யார்?

26/11 இரவு மும்பை போலீசுக்குக் கற்றுக் கொடுத்த பாடம்

செம்பூர் தமிழர்களுக்கும், தாராவி - மாட்டுங்கா தமிழர்களுக்கும் 2008-ம் ஆண்டில் மேலே இரண்டு பெரிய போலீஸ் அதிகாரிகள் இருந்தார்கள். செம்பூர் அடங்கிய கிழக்கு மண்டலத்துக்கு அசோக் காம்தே. தாராவியும் மாட்டுங்காவும் அடங்கிய மத்திய மண்டலத்துக்கு சதானந்த் தாதே. இருவரும் கூடுதல் கமிஷனர்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 26-ந்தேதி இரவு இருவருமே தங்கள் எல்லையைத் தாண்டித் தெற்கு மும்பைக்கு விரைந்தார்கள். இருவரும் போய்ச் சேர்ந்தது ஒரே இடம். காமா மருத்துவமனை. தாதே உள்ளே போனார். ஆறாவது மாடியில் கையெறி குண்டு வெடித்து ரத்தம் சொட்டச் சொட்டக் கிடந்தார். காம்தே அதே மருத்துவமனையின் பின்பக்கம் வந்து நின்றார். காயம்பட்ட தாதேக்கு உதவப் புறப்பட்டவர், சில நூறு அடி தூரத்தில் ஒரு சந்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இருவருக்கும் வீரம் குறைவில்லை. இருவர் கையிலும் துப்பாக்கி இருந்தது. ஆனால் ஒரே கட்டிடத்தின் முன்னும் பின்னும் நின்ற போலீசாருக்கு, "நீ இங்கே நில், நீ அங்கே அடை" என்று சொல்ல ஒரே குரல் இல்லை. அந்தக் குறை மும்பை போலீசை இன்றும் சிந்திக்க வைத்துக் கொண்டிருக்கிறது. அதிரடிப் படைக்குத் துப்பாக்கி வாங்குவது எளிது. குறி பார்த்துச் சுடக் கற்றுக் கொடுப்பதும் எளிது. படையை நடத்துகிறவருக்கு உத்தரவு போடக் கற்றுக் கொடுப்பதுதான் கடினம்.

மைக் முன்னால் ஒரு தலைவர்

அன்றிரவு சுமார் 9.50 மணி. இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்று பெயர் மாறியுள்ள வி.டி. ஸ்டேஷன். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் புறப்படும் இடம் என்பதால் நம்மவர்களுக்கு அந்த நெடுந்தூர வண்டி மண்டபம் நன்கு பழக்கம். டிரங்குப் பெட்டி, ஊறுகாய் ஜாடி, தூங்கும் குழந்தைகள் சகிதம் தரையில் துண்டை விரித்து உட்காரும் இடம். அங்குதான் அஜ்மல் கசாப்பும் அவனுடைய கூட்டாளி இஸ்மாயில் கானும் ஏ.கே.47 துப்பாக்கியால் சரமாரியாகச் சுட்டார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் பிணமானார்கள்.

அங்கிருந்து இருவரும் லோக்கல் ரயில் மண்டபத்தின் பக்கம் நடந்தார்கள். அந்த நேரத்தில் அறிவிப்பாளர் கூண்டில் விஷ்ணு ஜெண்டே என்ற ரயில்வே ஊழியர் பணியில் இருந்தார். உயரத்தில் இருந்த கண்ணாடி வழியே அவருக்கு மண்டபம் முழுவதும் தெரிந்தது. வந்து நிற்கும் வண்டிகளில் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கிக் கொண்டிருந்தார்கள். அவர்கள் மண்டபத்துக்குள் வந்தால் சாவு நிச்சயம். ஜெண்டே மைக்கைப் பிடித்து, "இந்தப் பக்கம் வராதீர்கள், பின்பக்கமாக வெளியேறுங்கள்" என்ற பொருளில் திரும்பத் திரும்ப அறிவித்தார். பயணிகள் திரும்பி ஓடினார்கள். அவருடைய கூண்டை நோக்கியும் குண்டுகள் பாய்ந்தன. ஆள் தப்பினார்.

அவர் போலீஸ்காரர் அல்ல. ஆனால் தலைமைப் பயிற்சி என்று பெரிய அதிகாரிகளுக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்லும் எல்லாவற்றையும் அந்தச் சில நிமிடங்களில் அவர் செய்து காட்டினார். எல்லோரையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தார். என்ன நடக்கிறது என்று விளங்கிக் கொண்டார். சுருக்கமாக, ஒரே மாதிரியாக, எல்லோருக்கும் கேட்கும்படி உத்தரவு கொடுத்தார்.

ஆறாவது மாடி

ஸ்டேஷனில் இருந்து வெளியேறிய இரு கொலைகாரர்களும் நடைபாலத்தைத் தாண்டி அருகில் உள்ள காமா மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை அது. நர்சுகள் விளக்கை அணைத்து, கதவைத் தாழிட்டு, தாய்மார்களையும் பச்சைக் குழந்தைகளையும் மறைத்து வைத்தார்கள்.

சதானந்த் தாதே மலபார் ஹில் போலீஸ் நிலையத்தில் ஒரு கார்பைன் துப்பாக்கியை எடுத்துக் கொண்டு, கிடைத்த சில போலீசாரைச் சேர்த்துக் கொண்டு வந்திருந்தார். சேர்ந்து பயிற்சி பெற்ற குழு அல்ல அது. அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டவர்கள். ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து காமாவுக்குப் போய், லிப்டில் மேலே ஏறினார்கள். மொட்டை மாடியில் ஆள் இருக்கிறார்களா என்று அறிய ஓர் இரும்புச் சாமானை மேலே வீசினார் தாதே. பதிலுக்குத் துப்பாக்கிச் சூடு வந்தது. இடம் தெரிந்து விட்டது.

பிறகு நடந்தது அரை மணி நேரத்துக்கும் மேலான போராட்டம். மேலிருந்து கையெறி குண்டுகள் விழுந்தன. சப்-இன்ஸ்பெக்டர் பிரகாஷ் மோரே, கான்ஸ்டபிள் விஜய் கண்டேகர் ஆகியோர் உயிரிழந்தார்கள். தாதேக்கு உடம்பெல்லாம் குண்டுச் சிதறல்கள். காயம்பட்டவர்களைக் கீழே அனுப்பி விட்டுத் தனியே நின்று சுட்டுக் கொண்டிருந்தார். கூடுதல் படை வேண்டும் என்று கேட்டார். அவர் நின்ற மாடிக்கு அது வந்து சேரவில்லை. அவர் அங்கே தடுத்து நிறுத்தியதால் மாடியில் இருந்த பலர் உயிர் தப்பினார்கள்.

சந்தில் நின்ற ஜீப்

இதே சமயம் பின்பக்க வாசலில் மூன்று பேர் வெவ்வேறு திசையில் இருந்து வந்து சேர்ந்தார்கள். பயங்கரவாத எதிர்ப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே, கிழக்கு மண்டல காம்தே, மிரட்டிப் பணம் பறிப்போரை ஒடுக்கும் பிரிவின் இன்ஸ்பெக்டர் விஜய் சாலஸ்கர். மூவரும் பெயர் பெற்றவர்கள். மூன்று தனித்தனிப் பிரிவுகள். அந்த இடமோ தெற்கு மண்டலத்தைச் சேர்ந்தது. மூவரில் ஒருவருக்கும் அது சொந்த எல்லை அல்ல.

மருத்துவமனையின் முன்பக்கத்தை வளைக்கும்படி கர்கரே வயர்லெஸ்சில் கேட்டார். தாதே காயமடைந்தார் என்று தெரிந்ததும் மூவரும் ஒரே குவாலிஸ் வண்டியில் ஏறி முன்பக்கம் போகப் புறப்பட்டார்கள். கூட நான்கு போலீசார். வண்டி ரங்பவன் சந்தில் திரும்பியது. காமாவில் இருந்து நழுவி வந்த இருவரும் அங்கே செடி மறைவில் இருந்து சுட்டார்கள். 7 பேரில் 6 பேர் பலி. உயிரோடு இருந்த கான்ஸ்டபிள் அருண் ஜாதவ் பிணங்களுக்கு அடியில் அசையாமல் கிடந்தார். கொலைகாரர்கள் அதே வண்டியை ஓட்டிக் கொண்டு போனார்கள்.

மூன்று தலைவர்கள் ஒரே வண்டியில் ஏறக் கூடாது என்பது எந்தப் படையிலும் அரிச்சுவடி. ஆனால் அந்த நேரத்தில் அங்கே நின்று அதைச் சொல்ல வேண்டியவர் யார்? மூவரும் தலைவர்கள். எல்லோரும் தலைவர்களாக இருக்கிற இடத்தில் தலைவர் என்று ஒருவர் இல்லாமல் போவது உண்டு.

முன்பக்கம் ஏன் அடைக்கப்படவில்லை என்ற கேள்வியைக் காம்தேயின் மனைவி வினிதா காம்தே விடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் போலீஸ் கட்டுப்பாட்டு அறைப் பதிவுகளைக் கேட்டு வாங்கி, 2009-ல் "டு தி லாஸ்ட் புல்லட்" என்று புத்தகமே கொண்டு வந்தார். அன்றிரவு கட்டுப்பாட்டு அறையை நடத்திய இணை கமிஷனர் ராகேஷ் மரியா அவருடைய குற்றச்சாட்டுகளை மறுத்தார். யார் சொல்வது சரி என்ற வழக்கு இருக்கட்டும். ஒரு கணவரை இழந்த பெண் மனுப் போட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான், எந்த உத்தரவு எப்போது யாருக்குப் போனது என்பது ஊருக்குத் தெரிந்தது. அது போலீஸ் துறைக்குப் பெருமை சேர்க்கும் செய்தி அல்ல.

லத்தி பிடித்த கைகள்

அதே இரவில் இன்னொரு காட்சியும் உண்டு. கடத்திய போலீஸ் வண்டியின் சக்கரம் பஞ்சரானதும் கசாப்பும் இஸ்மாயிலும் ஒரு ஸ்கோடா காரைப் பறித்துக் கொண்டார்கள். இந்தத் தகவல் வயர்லெஸ்சில் போனது. கிர்காவ் சௌபாத்தியில் டி.பி. மார்க் போலீஸ் நிலையத்தார் நாகாபந்தி போட்டுக் காத்திருந்தார்கள். பெரிய அதிகாரி யாரும் அங்கே இல்லை. பெரும்பாலோர் கையில் லத்தி. ஆனால் என்ன வண்டி, எந்தப் பக்கம் வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் தெரிந்திருந்தது.

வண்டி வந்தது. தடுப்பைக் கண்டு திருப்பப் பார்த்தது. போலீசார் வளைத்தார்கள். இஸ்மாயில் சுட்டுக் கொல்லப்பட்டான். உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே கசாப்பின் துப்பாக்கிக் குழலை இரு கைகளாலும் பற்றிக் கொண்டார். குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. பிடியை விடவில்லை. கசாப் உயிரோடு பிடிபட்டான். பத்துப் பேரில் உயிரோடு கிடைத்தவன் அவன் ஒருவனே.

காமாவில் கூடுதல் கமிஷனர்கள் இருந்தார்கள். சௌபாத்தியில் சப்-இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். வெற்றி கிடைத்தது சௌபாத்தியில்.

தாஜ், டிரைடென்ட் ஓட்டல்களிலும் நாரிமன் இல்லத்திலும் சண்டை நீண்டது. டெல்லி அருகே மானேசரில் இருந்த தேசியப் பாதுகாப்புப் படை விமானத்தில் வந்து இறங்கிக் களத்துக்குப் போவதற்குள் மறுநாள் விடிந்து விட்டது. கடைசித் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது 29-ந்தேதி காலையில். மொத்தம் 166 பேர் பலி.

கமிட்டி என்ன சொன்னது?

முன்னாள் மத்திய உள்துறைச் செயலாளர் ராம் பிரதானும், உளவுத்துறையில் உயர் பதவி வகித்த வி.பாலச்சந்திரனும் அடங்கிய இரு நபர் கமிட்டியை மராட்டிய அரசு அமைத்தது. 2009-ல் அறிக்கை வந்தது. போலீசாரின் வீரத்தை அது பாராட்டியது. அதே நேரம் அப்போதைய கமிஷனர் ஹசன் கபூரின் தலைமை வெளிப்படையாகக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று குறை கூறியது. அவர் பயந்து ஒதுங்கி விட்டார் என்பது இதன் பொருள் அல்ல. அவர் சண்டை நடந்த டிரைடென்ட் ஓட்டல் பக்கத்திலேயேதான் இருந்தார். ஒரு முனையில் நின்றவரால் நகரம் முழுவதையும் பார்க்க முடியவில்லை என்பதுதான் சிக்கல். நெருக்கடி நேரத்துக்கென்று எழுதி வைத்த நடைமுறைகள் இருந்தும் அவை பின்பற்றப்படவில்லை என்பதையும் கமிட்டி சுட்டிக் காட்டியது.

நகரின் விரைவு நடவடிக்கைப் படை, தோட்டா பற்றாக்குறையால், தாக்குதலுக்கு முன் ஓராண்டுக்கும் மேலாகச் சுட்டுப் பழகவில்லை என்ற உண்மையும் வெளியே வந்தது. பத்திரிகைகள் இதைத்தான் பெரிதாகப் போட்டன. தோட்டா இல்லை என்றால் எல்லோருக்கும் கோபம் வரும். உத்தரவு இல்லை என்றால் அது கண்ணில் படாது.

பழைய கதை

அதிரடிப் படை மும்பைக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1965-ல் பெரும் கலவரம் நடந்தது. சாதாரண ரோந்துப் போலீசால் சமாளிக்க முடியவில்லை. 1967-ல் அங்கே "ஸ்வாட்" என்ற தனிக் குழு பிறந்தது. அதைப் பார்த்து வந்த ஏ.ஏ.கான் என்ற அதிகாரி 1990-ல் மும்பையில் பயங்கரவாத எதிர்ப்புப் படையைத் தொடங்கினார். 1991 நவம்பர் 16-ந்தேதி அந்தேரி லோகண்ட்வாலாவில் ஒரு குடியிருப்புக் கட்டிடத்தில் பதுங்கியிருந்த மாயா டோலஸ் கூட்டத்தை அந்தப் படை வளைத்தது. பட்டப்பகலில், குடித்தனக்காரர்கள் நடுவே, மணிக்கணக்கில் துப்பாக்கிச் சண்டை. 7 பேர் செத்தார்கள். பிற்பாடு அதைச் சினிமாவாக எடுத்தார்கள். சினிமாவில் துப்பாக்கி தெரியும். அடுத்த வீட்டுச் சுவரின் பின்னால் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய அதிகாரியின் தலைவலி தெரியாது.

தமிழ்நாட்டு அனுபவம்

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பாடம் தெரியும். 1993 ஏப்ரல் 9-ந்தேதி பாலாறு அருகே வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் சிதறிப் போனார்கள். படையை நடத்திச் சென்ற போலீஸ் சூப்பிரண்டு கோபாலகிருஷ்ணன் அஞ்சா நெஞ்சர். "ராம்போ" என்றே அவரை அழைத்தார்கள். அவரும் படுகாயம் அடைந்தார். முன்னால் பாய்கிற தலைவரும் பின்னால் வருகிற ஆட்களும் ஒரே வலையில் விழுந்தார்கள்.

11 ஆண்டுகள் கழித்து, 2004 அக்டோபர் 18-ந்தேதி இரவு, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் கதை மாறியது. அதிரடிப் படைத் தலைவர் கே.விஜயகுமார் காட்டுக்குள் தேடிப் போகவில்லை. வீரப்பனைக் காட்டை விட்டு வெளியே வரவழைத்தார். ஆம்புலன்ஸ் போல் வேடமிட்ட வண்டி. அதை ஓட்டியவரே போலீஸ்காரர். எந்த இடத்தில் நிறுத்துவது, யார் எங்கே படுத்திருப்பது, முதலில் என்ன அறிவிப்பு, யார் எப்போது சுடுவது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தார்கள். சுமார் 20 நிமிடத்தில் காரியம் முடிந்தது. போலீஸ் தரப்பில் உயிர்ச்சேதம் இல்லை. இங்கும் வீரம் இருந்தது. ஆனால் வீரத்துக்கு முன்னால் திட்டம் இருந்தது.

இதே விஜயகுமார் பிறகு ஐதராபாத் தேசிய போலீஸ் அகாடமியின் இயக்குனராக இருந்து ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2010 ஏப்ரல் 6-ந்தேதி சத்தீஸ்கரில் தண்டேவாடா காட்டில் மாவோயிஸ்டுகள் பதுங்கித் தாக்கியதில் 76 பேர் கொல்லப்பட்டார்கள். தலைமையிலும் கட்டளையிலும் இருந்த தவறுகளை விசாரணை அறிக்கை சுட்டிக் காட்டியது. அந்த ஆண்டே மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்குத் தலைவராக விஜயகுமாரை அனுப்பினார்கள். வெறும் ஆயுதத்தால் தீரும் நோய் அல்ல என்று டெல்லிக்கும் புரிந்தது என்றே கொள்ளலாம்.

படை வீரர்கள் எத்தனை பேர் நின்றாலும் தலைவர் இல்லாவிட்டால் அது படையே அல்ல என்ற கருத்தைத் திருக்குறளில் படைமாட்சி அதிகாரத்தின் கடைசிக் குறளிலேயே காணலாம். நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்ததுதான்.

போர்ஸ் ஒன்

26/11-க்குப் பிறகு மும்பையில் மாற்றங்கள் வேகமாக வந்தன. தேசியப் பாதுகாப்புப் படைக்கு மும்பை, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய 4 நகரங்களில் 2009-ல் தளங்கள் அமைந்தன. 2009 ஜூன் மாதம் மும்பை போலீஸ் கமிஷனர் பொறுப்புக்கு வந்தவர் தமிழர். டி.சிவானந்தன். கபூருக்கு அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்த அவர் காலத்தில் போலீசுக்குப் புதிய ஆயுதங்களும் வாகனங்களும் வந்தன. ஓய்வு பெற்ற பிறகு 2014-ல், சாணக்கியரின் தலைமை இலக்கணம் பற்றி ராதாகிருஷ்ணன் பிள்ளையுடன் சேர்ந்து ஒரு புத்தகமும் வெளியிட்டார். துப்பாக்கி பற்றி எழுதாமல் தலைமை பற்றி எழுதத் தோன்றியதே, அது கவனிக்க வேண்டியது.

மராட்டிய அரசு "போர்ஸ் ஒன்" என்ற தனி கமாண்டோ படையையும் உருவாக்கியது. சுமார் 3 ஆயிரம் போலீசார் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர்கள் 216 பேர். நகரில் எங்கே தாக்குதல் என்றாலும் 15 நிமிடத்தில் புறப்பட்டு விட வேண்டும் என்பது அந்தப் படைக்கு வைத்த இலக்கு.

இந்தப் படைக்கு ஒரு கட்டத்தில் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? காமா மருத்துவமனையின் ஆறாவது மாடியில் கிடந்த அதே சதானந்த் தாதே. உடம்பில் குண்டுச் சிதறல்களுடன், கைக்கு அகப்பட்ட போலீசாரை வைத்துக் கொண்டு போராடியவர், சேர்ந்து பயிற்சி பெற்ற குழுவை நடத்தினார். பொருத்தமான நியமனம் என்று சொல்லாமல் இருக்க முடியாது. 2024-ல் அவர் தேசியப் புலனாய்வு முகமையின் தலைவரும் ஆனார்.

என்னதான் பயிற்சி?

தலைமைப் பயிற்சி என்றால் கரும்பலகையில் நல்லுரை எழுதுவது அல்ல. மேஜை மீது கட்டிட மாதிரியை வைப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை புதுத் தகவல் கொடுப்பார்கள். "மூன்றாவது மாடியில் 12 பேர் சிக்கியுள்ளார்கள். பின்வாசலில் டி.வி. கேமராக்கள் வந்து விட்டன. உங்கள் உதவி அதிகாரி காயம். இப்போது என்ன உத்தரவு?" என்று கேட்பார்கள். பாதித் தகவல் பொய்யாகவும் இருக்கும். அந்த 26-ந்தேதி இரவும் அப்படித்தான் இருந்தது. இல்லாத இடங்களில் எல்லாம் துப்பாக்கிச் சூடு என்று கட்டுப்பாட்டு அறைக்குப் போன் மேல் போன் வந்தது.

லண்டன் போலீசார் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். 1985-ல் அங்கே பிராட்வாட்டர் பார்ம் குடியிருப்பில் நடந்த கலவரத்தில் ஒரு கான்ஸ்டபிள் வெட்டிக் கொல்லப்பட்டார். யார் யாருக்கு உத்தரவு போடுவது என்ற குழப்பம் அப்போது வெளிப்பட்டது. அதன் பிறகு பதவிப் பட்டத்தைப் பார்க்காமல் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று பொறுப்புகளைப் பிரித்தார்கள். தங்கம், என்ன நோக்கம் என்பதை முடிவு செய்பவர். அவர் சண்டை நடக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. வெள்ளி, அதை எப்படிச் செய்வது என்று திட்டம் போடுபவர். வெண்கலம், களத்தில் ஆட்களுடன் நின்று செய்து முடிப்பவர். தோளில் எத்தனை நட்சத்திரம் என்பது கணக்கில்லை. அந்த நேரத்தில் எந்தப் பொறுப்பு என்பதே கணக்கு.

நம் ஊரில் இது கொஞ்சம் கசக்கும். மேலதிகாரி வந்ததும் எல்லோரும் விறைத்து நின்று சல்யூட் அடித்து, அவர் வாயைப் பார்ப்பது வழக்கம். அவருக்கோ அதுவரை நடந்தது தெரியாது. தெரிந்தவர் வாய் திறக்க மாட்டார். பொறுப்பை ஏற்கும்போது, "இதுவரை என்ன நடந்தது, யார் எங்கே நிற்கிறார்கள், இனி நான் பொறுப்பு" என்று சொல்லி வாங்கிக் கொள்வதும் ஒரு பயிற்சிதான்.

வெளிநாட்டிலும் தப்பவில்லை

ஆயுதமும் பணமும் உள்ள நாடுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2010 ஆகஸ்டு 23-ந்தேதி பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், வேலை நீக்கப்பட்ட ஒரு போலீஸ் அதிகாரி ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் இருந்த பஸ்சைப் பிடித்து வைத்தார். பகல் முழுவதும் பேச்சுவார்த்தை. நிலைமை முற்றிய நேரத்தில், முடிவெடுக்க வேண்டிய மேயரும் போலீஸ் தலைவரும் சாப்பிட ஓட்டலுக்குப் போயிருந்தார்கள். நன்கு பயிற்சி பெற்ற படை காத்திருக்க, தயாராக இல்லாத உள்ளூர்க் குழுவை அனுப்பினார்கள். பஸ்சின் கதவைத் திறக்கவே அவர்கள் திணறியதை உலகமே டி.வி.யில் பார்த்தது. பயணிகளில் 8 பேர் இறந்தார்கள்.

2022 மே 24-ந்தேதி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் உவால்டி என்ற சிற்றூரில் ஒரு பள்ளிக்குள் துப்பாக்கியுடன் இளைஞன் நுழைந்தான். மொத்தம் 376 போலீசார் அங்கே கூடினார்கள். கவச உடை, கேடயம், நவீனத் துப்பாக்கி எல்லாம் இருந்தது. வகுப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போக 77 நிமிடம் ஆயிற்று. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது, "இங்கே நான் பொறுப்பு" என்று யாரும் சொல்லவில்லை என்பதே. ஒவ்வொருவரும் வேறொருவர் உத்தரவு போடுவார் என்று காத்திருந்தார்கள்.

காமாவில் தலைவர்கள் விரைந்து முன்னால் போனார்கள், இணைக்க ஆள் இல்லை. உவால்டியில் ஆள் குவிந்தார்கள், முன்னால் போகத் தலைவர் இல்லை.

தாராவிச் சந்துகளில்

இதெல்லாம் நமக்கென்ன என்று கேட்கலாம். தாராவியில் வாழ்கிறவர்கள் அப்படிக் கேட்க முடியாது. 60 அடி ரோட்டில் இருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பேர் எதிரெதிரே போக முடியாத சந்துகள். பல வீடுகளின் மேல்தட்டுக்குச் சுவர் தகரம்தான். ஏ.கே.47 குண்டுக்குத் தகரம் காகிதம் மாதிரி. அங்கே ஒரு தவறான உத்தரவால் பறக்கும் குண்டு, மூன்று வீடு தாண்டித் தொட்டிலில் போய் நிற்கும். சுடு என்பது மட்டும் உத்தரவு அல்ல. சுடாதே, காத்திரு, முதலில் ஜனங்களை வெளியேற்று என்பவையும் உத்தரவுகளே. இவற்றைச் சொல்லத்தான் அதிகப் பயிற்சி வேண்டும்.

போர்ஸ் ஒன் படையின் இடம் கோரேகான் பக்கம். அங்கிருந்து 15 நிமிடத்தில் புறப்பட்டு விடலாம். வந்து சேர வேண்டுமே! மாலை வேளையில் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் பஸ்சில் நின்று பார்த்தவர்களுக்கு 15 நிமிடம் என்றால் எவ்வளவு தூரம் என்று தெரியும். ஆகவே கமாண்டோக்கள் வரும் வரை, தாராவி போலீஸ் நிலையத்தில் அன்று இரவு டியூட்டியில் இருக்கும் சப்-இன்ஸ்பெக்டர்தான் படைத் தலைவர். அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

ரயில்வேயில் இதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. வண்டி விபத்துக்குள்ளானால் முதல் பொறுப்பு கார்டுக்கு. (இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றி விட்டார்கள். வேலை அதேதான்.) அந்த வண்டியில் பயணம் செய்யும் ரயில்வே ஊழியர்களில் மூத்தவர் வந்து பொறுப்பை ஏற்கும் வரை கார்டு சொல்வதுதான் உத்தரவு. பெரிய அதிகாரி வருவார் என்று எவரும் கை கட்டி நிற்க முடியாது. வண்டியைப் பாதுகாப்பது, கண்ட்ரோலுக்குச் சொல்வது, காயம்பட்டவரைக் கவனிப்பது என்று வரிசையும் எழுதி வைத்திருக்கிறது. புதிதாகச் சேரும் கார்டுக்கு இது பாடம். பரீட்சையும் உண்டு.

போலீசிலும் கான்ஸ்டபிள் வரை இந்தப் பாடம் இறங்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. நடைமுறையில் தடைகள் உண்டு. கணபதி விசர்ஜன் வந்தால் எல்லோரும் பந்தோபஸ்துக்கு. தேர்தல் வந்தால் பந்தோபஸ்துக்கு. மந்திரி வந்தால் பந்தோபஸ்துக்கு. பயிற்சி பெற்ற அதிகாரி இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போவார். சேர்ந்து பழகிய குழு கலைந்து விடும். அடுத்தவர் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒத்திகைகள் நடக்கின்றன. கடலோரப் பாதுகாப்புக்கென்று "சாகர் கவச்" ஒத்திகை உண்டு. ரயில் நிலையங்களிலும் பெரிய கடைகளிலும் கமாண்டோக்கள் கயிற்றில் இறங்கிக் காட்டுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படமும் வருகிறது. தாராவி மாதிரி நெரிசலான இடத்தில், நள்ளிரவில், முன்னறிவிப்பு இல்லாமல், நிலைய சப்-இன்ஸ்பெக்டர் கையில் பொறுப்பைக் கொடுத்து ஒத்திகை பார்த்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். அதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது.

ஜனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2008-ல் நாரிமன் இல்லத்தின் அருகே கொலாபாச் சந்துகளில் வேடிக்கை பார்க்க நூற்றுக்கணக்கானவர்கள் கூடினார்கள். அவர்களை விலக்குவதே போலீசாருக்குத் தனி வேலையாகி விட்டது. 1993-க்குப் பிறகு மும்பையில் தொடங்கிய மொஹல்லா கமிட்டிகள் தாராவிக்கும் புதிதல்ல. கோவில் மண்டல்கள், மசூதிக் கமிட்டிகள், சால் சங்கங்கள் ஆகியவற்றில் இருந்து சந்துக்கு இருவரைப் போலீஸ் ஒத்திகைக்கு அழைக்கலாம். எந்தச் சந்து முட்டுச் சந்து, எந்த மாடியில் இருந்து அடுத்த மாடிக்குத் தாவலாம், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள் என்பவை வரைபடத்தில் இல்லை. முனையில் இட்லிக் கடை போட்டிருப்பவருக்குத் தெரியும். உத்தரவு போடப் போகிற சப்-இன்ஸ்பெக்டருக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.